தோடா தோடா கரண்ட்

டெல்லி முனிர்காவில் முத்துமாரி மெஸ்ஸுக்கு வழி கேட்டால் தமிழ்ப் பிள்ளைகள் சந்தின் பெயரைச் சொல்வதில்லை. சந்துக்குப் பெயரும் இல்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து உள்ளே நடந்து, கிரைண்டர் சத்தம் கேட்கிற இடத்தில் நில்லுங்கள் என்பார்கள். பிற்பகலில் வருகிறவர்களுக்கு இது சரியான வழி. காலையில் வருகிறவர்கள் சாம்பார் வாசனையை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

முத்துமாரிக்குச் சங்கரன்கோவில் பக்கம். கணவர் கருப்பசாமியோடு மேம்பாலக் கட்டுமான வேலைக்கு டெல்லி வந்தவர். சில வருஷம் மணல் சுமந்தார். பிறகு லோதி ரோட்டில் ஒரு தமிழ் அதிகாரி வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தார். அந்தக் குடும்பம் ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது, தன் கைச்சமையலை இனி யாருக்குப் போடுவது என்று யோசித்து, முனிர்காவில் கீழ்த்தளத்தில் ஓர் அறையும் சமையல்கட்டும் வாடகைக்கு எடுத்தார். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சாப்பிட வந்தார்கள். இப்போது இரண்டு பந்தி. கருப்பசாமி காலையில் ஒரு குடியிருப்பில் கார் துடைத்துவிட்டு வந்து பரிமாறுவார்.

மெஸ்ஸுக்கு அச்சாணி அந்தக் கிரைண்டர்தான். கோயம்புத்தூரில் வாங்கி, கழற்றி, ரயிலில் கொண்டுவந்தது. குழவிக் கல்லைக் கீழ்ப் படுக்கையில் துண்டு விரித்து வைத்திருந்தார்களாம். டிக்கெட் பரிசோதகர் வந்து இது என்ன என்று கேட்க, கருப்பசாமிக்கு அப்போது இந்தி வராததால் வெறுமனே கும்பிட்டாராம்; பரிசோதகரும் கல்லைக் கும்பிட்டுவிட்டுப் போனாராம். இந்தக் கதையைக் கருப்பசாமி மூன்று விதமாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஒன்றில் பரிசோதகர் காணிக்கையும் வைக்கிறார். துண்டும் கல்லும் மூன்றிலும் இருப்பதால் அவற்றை மட்டும் நம்புகிறேன்.

முத்துமாரியின் இந்தி சரளமானது. ஆனால் அது தமிழில் நினைத்து இந்தியில் வரும் இந்தி. காய்கறிக்காரர்களுக்கும் எதிர்வீட்டுக்காரர்களுக்கும் அது பழகிவிட்டது. பெரும்பாலும் அதனால் கெடுதல் வந்ததில்லை. ஒரு சொல்லால் மட்டும் வந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன ஜனவரியில் வீட்டுக்காரர் சௌத்ரி கீழே இறங்கி வந்தார். சௌத்ரி கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அதற்கு முந்தைய குளிர்காலத்தில் இரண்டு சந்து தள்ளி ஒரு கட்டடத்தில் ஒயரிங் தீப்பிடித்து, வாடகைக்கு இருந்த ஒரு பையனுக்குக் கை வெந்துவிட்டது. அதிலிருந்து அவருக்கு மின்சாரம் என்றாலே கலக்கம். கிரைண்டர் ஓடினால் மாடி அறைகளில் விளக்கு மங்குகிறது என்று மாணவர்கள் புகார் சொல்லியிருந்தார்கள். முதல் மாடியில் இருக்கும் மது என்ற பெண்ணின் மடிக்கணினி சார்ஜரும் போயிருந்தது. எலெக்ட்ரீஷியன் நரேஷ் வந்து பார்த்துவிட்டு, "ஆன்ட்டி கா லோட் ஜ்யாதா ஹை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். ஆன்ட்டி இழுக்கிற மின்சாரம் அதிகம் என்று அர்த்தம். சௌத்ரி தீர்ப்பும் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் மிஷின் வெளியே போக வேண்டும். அவர்கள் இருக்கலாம், மிஷின் இருக்கக் கூடாது.

மிஷின் இல்லாமல் இட்லி இல்லை, தோசை இல்லை. அவை இல்லாத மெஸ்ஸுக்கு அந்தப் பிள்ளைகள் எதற்கு வர வேண்டும்? பருப்பும் ரொட்டியும் சந்து முனையிலேயே கிடைக்கிறது. முனிர்காவில் வேறு இடம் பார்க்கலாம் என்றால், கிரைண்டர் என்ற சொல்லைக் கேட்டதுமே கதவைச் சாத்துகிறார்கள். கருப்பசாமி நான்கு இடம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

நான் பக்கத்து டிடிஏ குடியிருப்பில் இருக்கிறேன். மாவு வாங்கப் போகிறவன். என்னோடு வழக்கமாக நடைக்கு வரும் ஜோதிலிங்கம், ஒரு பெரிய மாணவர் விடுதியில் மின்பராமரிப்பு ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று இருவரும் சேர்ந்து போனோம். முத்துமாரி மாவைக் கொடுத்துவிட்டு, இந்த மாதத்தோடு சரி, அடுத்த மாதத்திலிருந்து கடையில் பாக்கெட் மாவு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

ஜோதிலிங்கம் விவரம் கேட்டார். எம்சிபி விழுகிறதா என்றார். ஒரு நாளும் விழுந்ததில்லை என்றார் முத்துமாரி. லோடு அதிகமென்றால் அந்தச் சுவிட்ச் தானே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை, ஆனால் விளக்கு மங்குகிறது. ஜோதிலிங்கம் தாடையைத் தடவிக்கொண்டார். மறுநாள் பகலில், மாடிப் பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு, மீட்டர்களோடு வருவதாகச் சொன்னார்.

மறுநாள் மாடியில் ஹீட்டர், கீசர் எதுவும் ஓடவில்லை என்று வகுப்புக்குக் கிளம்பிய மதுவிடம் கேட்டு உறுதி செய்துகொண்டோம். சமையல்கட்டு ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டோம். ஜோதிலிங்கம் கிரைண்டரைத் தொடவில்லை. மோட்டாரை வைத்துக் கணக்குப் போட்டால் குழப்பும் என்றார். பாத்திரம் கழுவ வெந்நீர் வைக்கும் ராடு ஒன்று இருந்தது. அதில் 230 வோல்ட்டுக்கு 1500 வாட் என்று பொறித்திருந்தது. இது வெறும் சூட்டுக் கம்பி, பொய் சொல்லாது என்று அதை வாளியில் இறக்கினார்.

மாடிப்படிக்குக் கீழே மீட்டர் போர்டு. அங்கே வோல்ட் மீட்டரோடு என்னை நிறுத்தினார். சமையல்கட்டில் அவர். மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஓர் இடுக்கி மாதிரி இருக்கும். அதற்குள் ஒரு ஒயரை மட்டும்தான் விட வேண்டும். போகிற ஒயரையும் வருகிற ஒயரையும் சேர்த்து விட்டால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மீட்டர் பூஜ்யம் காட்டும். அதற்காகவே மேலுறை கிழித்த ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரை அவர் கொண்டுவந்திருந்தார். ராடைப் போட்டதும் அங்கிருந்து குரல் கொடுத்தார். போர்டில் 222 வோல்ட். சமையல்கட்டில் 200. ஓடிய மின்னோட்டம் 5.6 ஆம்பியர். ராடை அணைத்துவிட்டு மறுபடி போட்டும் பார்த்தோம். அதே எண்கள்.

பிறகு அடுப்பு மேடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை ஓம் கணக்கில் வரும். 200ஐ 5.6ஆல் வகுத்தால் ராடுக்கு ஏறக்குறைய 36 ஓம், சரியாகச் சொன்னால் 35.7. பொறித்திருப்பதன்படி வர வேண்டியதும் ஏறக்குறைய அதுதான். ஆகவே ராடில் குற்றமில்லை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 200ஐ 5.6ஆல் பெருக்க 1120. அதாவது 1500 வாட் ராடு 1120 வாட்டுக்குத்தான் வேலை செய்கிறது. தண்ணீர் காய ஏன் நேரமாகிறது என்பதற்கு அது பதில்.

மீதிதான் விஷயம். போர்டிலிருந்து சமையல்கட்டுக்கு வருவதற்குள் 22 வோல்ட் காணாமல் போகிறது. அதே 5.6 ஆம்பியரால் வகுத்தால் ஏறக்குறைய 4 ஓம். அந்தத் தூரத்துக்கு நல்ல செம்புக் கம்பி அரை ஓம்தான் காட்ட வேண்டும். மிச்சம் மூன்றரை ஓம் வழியில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது. 22ஐ 5.6ஆல் பெருக்கினால் 123 வாட். கம்பியின் நியாயமான பங்கைக் கழித்தாலும் நூறு வாட்டுக்கு மேல் நிற்கும்.

"மாரி, ஒன் கிரைண்டர் மேல தப்பில்ல. நூறு வாட் குண்டு பல்பு ஒண்ணு இந்தச் சுவத்துக்குள்ள எரியுது. யாரு கண்ணுக்கும் தெரியாம" என்றார் ஜோதிலிங்கம்.

எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று விளக்கினார். கம்பியும் கம்பியும் சரியாகத் தொடாத இடத்தில் தடை உண்டாகும். தடை உள்ள இடத்தில் சூடு உண்டாகும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். எம்சிபிக்கு இது தெரியாது. அது மொத்தம் எத்தனை ஆம்பியர் என்று மட்டும்தான் பார்க்கும். எம்சிபி விழாமலே தீ வருவது இப்படித்தான்.

ஆனால் எந்த இடத்தில்? எவ்வளவு என்று கணக்கு சொல்லிவிட்டது. எங்கே என்று சொல்லவில்லை. ஒயர் முழுக்கச் சுவருக்குள். கட்டியபோது போட்ட வரைபடம் ஏதும் கிடையாது. ஜோதிலிங்கம் சமையல்கட்டுச் சுவரையெல்லாம் தடவிப் பார்த்தார். ஜனவரிச் சுவர், எல்லா இடமும் ஐஸ்.

அப்போது முத்துமாரி, "அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், சிரிக்கப்படாது" என்றார்.

டெல்லிக் குளிரில் மாவு பொங்காது. இங்கே குடித்தனம் செய்கிற எல்லாத் தமிழ் வீடுகளுக்கும் தெரிந்த துன்பம் இது. கம்பளி சுற்றுவார்கள், வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்குவார்கள், கேஸ் அடுப்புப் பக்கம் வைப்பார்கள். முத்துமாரியும் எல்லாம் செய்து பார்த்திருக்கிறார். இரண்டு குளிர்காலத்துக்கு முன் சமையல்கட்டில் இடம் இல்லாமல், மாவுப் பாத்திரத்தைக் கட்டடத்துக்குள் இருக்கும் நடைபாதையில் மாடிப்படி திரும்புகிற மூலையில் வைத்தாராம். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றதாம். அன்று முதல் அதுதான் மாவுக்கு இடம். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தந்தூர் அடுப்பு வைத்திருக்கிறார்கள், அந்தச் சூடு வருகிறது என்று நினைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடை.

"டிசம்பர் லீவுக்கு மேல்மாடிப் பிள்ளைய பூராவும் ஊருக்குப் போச்சுதுலா, அந்த லீவு முடியுற மட்டும் மாவு பொங்கவே இல்ல. நான் அரிசி மேல பழியப் போட்டு கடைக்காரன வைதேன்" என்றார்.

ஜோதிலிங்கம் ராடை மறுபடி போட்டுவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் கழித்து மூலைச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து வைத்தார். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது.

மாடி காலியாக இருந்த லீவில் இந்தச் சுவர் ஆறிக் கிடந்தது என்றால், மாடி அறைகளுக்கும் மின்சாரம் அதே இணைப்பு வழியாகத்தான் போகிறது என்பது இப்போது புரிந்தது. இரவெல்லாம் மாடியில் ஹீட்டர்கள். அந்த மின்னோட்டமும் இதே இடத்தைக் கடக்கிறது. கிரைண்டர் போனாலும் சுவர் எரியும். முத்துமாரிக்கு நிம்மதி வந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் மேலே மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சௌத்ரி மொட்டைமாடியில் வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நரேஷையும் வரவழைத்தார். ஜோதிலிங்கம் எண்களைச் சொன்னார். நரேஷ் மீட்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் வோல்டேஜ் இப்படித்தான் என்றான். சௌத்ரிக்கு அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று இருந்தது. நடைபாதைச் சுவருக்குத் தீபாவளிக்குத்தான் புதிதாக டைல்ஸ் பதித்திருந்தார். மாவு பொங்குகிறது என்று யாராவது டைல்ஸை உடைப்பார்களா? இரண்டு குளிர்காலமாக மின்சாரம் இப்படி இருந்தால் ஒரு முறையாவது தன்னிடமோ நரேஷிடமோ சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்டார்.

முத்துமாரி மூன்று தடவை சொன்னேன் என்றார். நரேஷும் ஒப்புக்கொண்டான். ஆமாம், மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் நான் வந்து சரி செய்துவிட்டுப் போனேன் என்றான்.

"என்னத்த சரி செஞ்சான்? எர்த் கம்பிய மாத்துவான், போயிருவான்" என்று முத்துமாரி எங்களிடம் தமிழில் சொன்னார்.

ஜோதிலிங்கம் நரேஷிடம் ஆன்ட்டி சரியாக என்ன சொன்னார் என்று கேட்டார். நரேஷ் யோசிக்கவே இல்லை.

"கரண்ட் ஆ ரஹா ஹை, தோடா தோடா."

ஜோதிலிங்கம் சிரித்துவிட்டார். எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. சௌத்ரிக்கும் நரேஷுக்கும் புரிய வைக்க இன்னும் நேரம் ஆயிற்று. நமக்குக் கரண்ட் வருகிறது என்றால் மின்சாரம் வருகிறது. கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது என்றால் மின்னழுத்தம் குறைவு. இந்திக்காரர்களுக்கு மின்சாரம் என்பது லைட் அல்லது பிஜ்லி. அது குறைவென்றால் வோல்டேஜ் டவுன், இல்லாவிட்டால் லைட் டிம். கரண்ட் வருகிறது என்று அவர்கள் சொன்னால் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று பொருள். மின்சாரம் போதவில்லை என்று முத்துமாரி சொன்னதெல்லாம் நரேஷ் காதில், மிஷின் லேசாக ஷாக் அடிக்கிறது என்று விழுந்திருக்கிறது. அவனும் பொறுப்பாக வந்து மூன்று முறை, ஷாக்கைத் தடுக்கிற எர்த் கம்பியை மாற்றியிருக்கிறான். மாற்றிய பிறகு டெஸ்டரை மிஷினில் வைத்து, இப்போது கரண்ட் வரவில்லை பாருங்கள் என்பானாம். அதுதான் எனக்கும் தெரியுமே என்று முத்துமாரி முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்.

சௌத்ரியும் சிரித்தார். ஆனால் டைல்ஸ் விஷயத்தில் அவர் அசையவில்லை. நாளை பார்க்கலாம் என்றார்.

அப்போது முத்துமாரி தன் இந்தியில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். இன்றைக்கே உடையுங்கள். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே மிஷினைத் தூக்கிக்கொண்டு நாங்கள் போய்விடுகிறோம், டைல்ஸும் போட்டுக் கொடுத்துவிட்டு.

கருப்பசாமிக்கு முகம் மாறிவிட்டது. "ஏட்டி, யாரக் கேட்டுச் சொன்ன?"

"மேல பிள்ளைய படுத்துருக்கு. இத யாரக் கேக்கணும்?"

சௌத்ரி எழுந்தார்.

மெயின் சுவிட்சை அணைத்தார்கள். நரேஷ் உளியும் சுத்தியலும் எடுத்து, மாவுப் பாத்திரம் உட்காரும் உயரத்தில் ஒரு டைலைப் பெயர்த்தான். சிமெண்ட், அதற்குப் பின்னால் செங்கல். இன்னும் கொஞ்சம் தோண்டினான். செங்கல்தான். சௌத்ரி உடைந்த டைலைக் காலால் ஓரமாகத் தள்ளினார். வகுப்பு முடிந்து வந்த மது படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கருப்பசாமி கதவருகே போய் நின்றுகொண்டார்.

ஜோதிலிங்கமே தடுமாறிவிட்டார். கணக்கில் தவறில்லை என்று என்னிடம் மெல்லச் சொன்னார். இடம் தவறு என்றால் இந்த வீட்டுச் சுவர் முழுவதும் இடம்தானே.

முத்துமாரி நரேஷை நகரச் சொல்லிவிட்டு முன்னால் வந்தார். சுவரில் கையை விரித்து வைத்தார். இடது பக்கம், வலது பக்கம், பிறகு மேலே. தோசைக் கல்லின் சூட்டைத் தொடாமலே அறிகிற கை அது. தலை உயரத்தில் நிறுத்தினார்.

"இங்க."

நரேஷ் அந்த டைலை உடைத்தான். கீழே பூச்சு. பூச்சுக்குக் கீழே தகரச் சத்தம். மூடி போட்டு அதன்மேல் பூசி மறைத்த ஓர் இணைப்புப் பெட்டி. மூடியைக் கழற்றியதும் கருகிய ரப்பர் நாற்றம் நடைபாதை முழுதும் பரவியது. உள்ளே செம்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருந்தன. மேலே சுற்றியிருந்த டேப் வெல்லப் பாகு போல் வழிந்து உறைந்திருந்தது. அலுமினியக் கம்பி பாதி அரித்துத் தேய்ந்து நூல் மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் ஒரு சாண் தூரத்துக்கு ஒயர் உறை கரி.

நரேஷ் இது என் வேலை இல்லை என்று மட்டும் சொன்னான். உண்மைதான். மாடிகள் எழுப்பியபோது பழைய ஒயரோடு புதிய ஒயரைச் சேர்த்தவர் யார் என்பது சௌத்ரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் பெயர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. சௌத்ரி அந்தப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மதுவைப் பார்த்து, அவளுடைய கட்டில் எந்தச் சுவரோரம் என்று கேட்டார். அவள் சொன்னாள். அந்தப் பெட்டிக்கு நேர் மேலே.

அன்றே போர்டிலிருந்து சமையல்கட்டுக்குத் தற்காலிகமாக ஒரு புதிய ஒயரை ஜன்னல் வழியாக இழுத்தார்கள். மாடிக்குத் தனியாக ஒன்று. ஜோதிலிங்கம் ராடைப் போட்டு அளந்தார். போர்டில் 222, சமையல்கட்டில் 219, மின்னோட்டம் 6.2. இழப்பு மூன்றே வோல்ட். தடை அரை ஓம். நரேஷ் மீட்டரை மறுபடி வாங்கி, இந்த முறை எண்களை நின்று படித்தான். 219ஐ 6.2ஆல் பெருக்கி 1358 என்று தன் ஃபோனில் போட்டுப் பார்த்துத் தலையாட்டினான்.

முத்துமாரிக்கு ஒரு கவலை மிச்சம் இருந்தது. சுவர் ஆறிவிட்டால் மாவுக்கு என்ன செய்வது? ஜோதிலிங்கம் அதற்கும் கணக்கு வைத்திருந்தார். ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு, பக்கத்தில் பாத்திரம். கண்ணுக்குத் தெரிகிற நாற்பது வாட், தெரியாத நூறு வாட்டைவிட நல்லது என்றார். பெட்டி செய்து முடிகிறவரை நான்கு நாள் இட்லி இல்லை, பொங்காத மாவில் தோசைதான். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள் என்று கேள்வி.

சௌத்ரி படியேறப் போனவர் திரும்பி வந்தார். மிஷின் இருக்கட்டும் என்று சுருக்கமாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முத்துமாரி நிற்கிற இடம்வரை வந்து, "ஆன்ட்டி, மஷீன் யஹீன் ரஹேகீ. ஆப் பீ" என்றார். மிஷின் இங்கேயே இருக்கும், நீங்களும். முத்துமாரி அச்சா என்றார். உடைந்த டைல்ஸைப் பொறுக்கி ஒரு சாக்கில் போட ஆரம்பித்தார்கள், இருவருமே.

கருப்பசாமி அதுவரை கதவருகேதான் நின்றிருந்தார். நாளைக்கே போவதாக முத்துமாரி வாக்குக் கொடுத்த பிறகு யாரும் அரிசி எடுக்கவில்லை. இப்போது அவர் உள்ளே போய் அரிசி டின்னைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"எம்புட்டு ஊறப்போட?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

முத்துமாரி கையிலிருந்த டைல் துண்டைச் சாக்கில் போட்டுவிட்டு, "எப்பவும் போடுதது" என்றார்.